வாடி வரை வரும் செய்தி

ஒரு நாட்டின் செல்வத்தை அளப்போர் நிலத்தையும் நீரையும் தொழிலையும் கணக்கிடுவர். செய்தியையும் ஒரு செல்வமாக எண்ணியோர் முன்னாளில் மிகச் சிலரே. ஆயினும் உரிய வேளையில் கிட்டிய ஒரு செய்தி உழவனின் விளைச்சலையும் மீனவனின் உயிரையும் காப்பதை உலகம் பன்முறை கண்டுவிட்டது. அதே செய்தி ஒரு நாழிகை தாழ்த்து வருமாயின் அதனால் ஆவது ஒன்றுமில்லை. வானொலி, தொலைபேசி, கணினி, செயற்கைக்கோள் என்னும் கருவிகள் யாவும் செய்தியைத் தொலைவிலிருந்து கொணர்கின்றன. வறிய நாடுகளின் மேம்பாட்டுக்கு இக்கருவிகள் எவ்வாறு துணைபுரியும்? எவ்விடத்தில் அவை தவறிப்போகின்றன? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதற்குப் புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை மிகப் பொருத்தமான இடமாகும்.

தெற்கே மா ஓயாவிலிருந்து வடக்கே வில்பத்துக் காட்டுக்கரை வரையில் நீண்டு கிடக்கும் இக்கரையில் சிலாபம், உடப்பு, முந்தல், கற்பிட்டி முதலிய ஊர்கள் கடலையும் களப்பையும் நம்பி வாழ்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இங்கு அயலவராய் வாழ்கின்றனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பகுதியினர் வந்து தங்கியதும் இம்மாவட்டத்திலேயாம். உடப்பிலே கரைவலை இழுப்போர் உண்டு. கற்பிட்டியிலே மணற்பாங்கான நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் பயிரிடுவோர் உண்டு. களப்போரங்களில் உப்பு விளைவிப்போரும் இறால் வளர்ப்போரும் உண்டு.

இவர்களுள் ஒவ்வொருவருக்கும் வேண்டிய செய்தி வேறு. கரைவலைச் சம்மாட்டிக்குக் காற்றின் போக்கும் நீரோட்டமும் தெரிதல் வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மேற்குக்கடல் கொந்தளிக்கும். அப்போது முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளை நாடிச் சென்று வாடி அமைப்போருக்கு அக்கரைகளின் நிலைமை தெரிதல் வேண்டும். வெங்காயம் கிண்டுபவருக்குச் சந்தை விலை வேண்டும். ஊர்விட்டு ஊர் பெயர்ந்த குடும்பத்துக்குக் காணி, பதிவு, வாக்குரிமை என்பன பற்றிய அறிவித்தல்கள் வேண்டும். எல்லார்க்கும் ஒரே செய்தி என்று ஓரிடத்திலிருந்து பொழிந்துவிட்டால் அது பலருக்குப் பயன்படாது என்பதை இதனாலேயே உணரலாம்.

இத்துறையில் முதற்பணி ஆற்றிய கருவி வானொலியே. 1925ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் கொழும்பிலே ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. ஆசியாவில் ஒலிபரப்பை முதலில் மேற்கொண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. எழுத்தறியாதவருக்கும் வானொலி பேசும். வலையைப் பொத்திக்கொண்டே அதனைக் கேட்கலாம். விலையுயர்ந்த கம்பிகளும் அதற்கு வேண்டா. இக்காரணங்களால் வறிய நாட்டிற்கு ஏற்ற கருவியாக அது நெடுங்காலம் விளங்கியது. ஆயினும் கேட்பதனால் மட்டும் வாழ்க்கை மாறிவிடுமா என்ற ஐயமும் அறிஞரிடையே தோன்றியது.

அவ்வையத்தைத் தீர்க்க 1956ஆம் ஆண்டில் இந்தியாவின் பூனா வானொலி நிலையம் யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையுடன் ஒரு சோதனை நடத்தியது. கனடாவில் முன்னரே நடைபெற்றுவந்த வானொலி உழவர் மன்றங்களே அதற்கு முன்மாதிரி. அன்றைய பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில், ஏறக்குறைய 150 கிராமங்களில் கேட்போர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. வாரம் இருமுறையாகப் பத்து வாரங்களுக்கு இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. மன்றத்தினர் கூடியிருந்து கேட்டனர்; கேட்டபின் தமக்குள் ஆராய்ந்தனர்; தீராத ஐயங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்பினர்; அடுத்தடுத்த நிகழ்ச்சிகளில் விடை வந்தது. மன்றம் அமைந்த கிராமங்களில் மக்கள் பெற்ற அறிவு, வானொலிப் பெட்டி மட்டும் இருந்த கிராமங்களிற் காணப்பட்டதிலும் மிகக் கூடுதலாக இருந்தது. பெட்டி ஒன்றே, பயன் வேறு. கூடிப் பேசும் மனிதர் இருந்தமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

இப்பாடம் இலங்கையிலும் பின்னர் வேறொரு வடிவத்தில் புலப்பட்டது. மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கத்தால் இடம்பெயர்ந்த மக்களுக்காக 1989ஆம் ஆண்டில் கொத்மலையில் ஒரு சமுதாய வானொலி நிலையம் நிறுவப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டளவில் யுனெஸ்கோவின் உதவியுடன் அந்நிலையத்துக்கு இணைய வசதி கிட்டியது. கணினியோ ஆங்கிலமோ அறியாத மலைநாட்டு மக்களுக்கு இணையத்தால் யாது பயன் என்று பலர் எண்ணியிருத்தல் கூடும். நிலையத்தார் ஓர் எளிய வழியைக் கைக்கொண்டனர். நேயர்கள் கடிதம் மூலமாகவும் தொலைபேசி மூலமாகவும் வினாக்களை அனுப்பினர். நிலையத்தார் இணையத்தில் விடையைத் தேடினர். மருத்துவர், ஆசிரியர் போன்ற அறிந்தோர் உடனிருந்து அதனை ஊரார் பேச்சில் விளக்கினர். வீட்டில் ஒரு சிறு வானொலிப் பெட்டியன்றி வேறொன்றும் இல்லாதவர் இவ்வாறு இணையத்தின் பயனைப் பெற்றார். உலகத்து வளர்ச்சி ஆய்வாளர் பலரும் இம்முயற்சியை எடுத்துக்காட்டாகப் பேசினர்.

ஏறக்குறைய இதே காலத்தில், 1998ஆம் ஆண்டில், புதுச்சேரிப் பகுதியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் அவற்றுக்கு நடுவிடம். எந்தச் செய்தி வேண்டும் என்று ஊராரிடம் கேட்டறிந்த பின்னரே கணினிகள் கொண்டுசெல்லப்பட்டன. இடத்தை ஊரார் இலவசமாகத் தருதல் வேண்டும். தாழ்த்தப்பட்டோர் உள்ளிட்ட யாவரும் தடையின்றி நுழையக்கூடிய இடமாக அஃது இருத்தல் வேண்டும். பெண்கள் பணியாற்றுதல் வேண்டும் என்பன நிபந்தனைகள். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் ஊர்களில் சூரிய ஒளியால் இயங்கும் மின்கலங்கள் பொருத்தப்பட்டன. மீனவர் ஊராகிய வீராம்பட்டினத்தில் நாள்தோறும் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு பெறப்பட்டது. மைய ஊழியர் அதனைத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் அறிவித்தனர். வேற்று நாட்டுக் கடற்படை தன் தேவைக்காகத் திரட்டிய செய்தி, ஒரு தமிழ்ப் பெண்ணின் குரலில் கட்டுமரக்காரரின் செவிக்கு எட்டியது.

இம்மையங்களின் முழுப்பயனும் 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் வெளிப்பட்டது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்திலும் அத்தகைய மையம் ஒன்று இருந்தது. சிங்கப்பூரில் தொழில் செய்துவந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் சுமத்திராவை ஆழிப்பேரலை தாக்கியதை அறிந்து உடனே ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். செய்தி மையத்துக்கு எட்டியது. அலை அறிவிப்புக்குப் பயன்பட்ட அதே ஒலிபெருக்கி, கரையைவிட்டு ஓடுமாறு ஊரைக் கூவி அழைத்தது. ஏறக்குறைய 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் வீடுகளும் படகுகளும் அழிந்தன, மக்கள் தப்பினர்.

அதே நாளில் இலங்கையின் நிலை யாது? நிலநடுக்கம் நிகழ்ந்தபின் கிழக்குக் கரையைப் பேரலை வந்தடைய ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்த நேரத்தில் உலகின் பல நிலையங்களிலுள்ள கருவிகள் நிலநடுக்கத்தைப் பதிந்துவிட்டன. ஆயினும் கரையில் நின்றவரிடம் செய்தி வந்துசேர வழி இருக்கவில்லை. 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். புத்தளம் கரை அன்று பேரழிவினின்றும் பெரும்பாலும் தப்பியது. தீவின் மேற்குப் புறத்தில் அமைந்திருந்தமையே அதற்குக் காரணம். எச்சரிக்கை எதுவும் காத்ததன்று. அதன் பின்னர், 2005ஆம் ஆண்டில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அமைந்தது. இன்று 117 என்னும் எண்ணில் எவரும் அந்நிலையத்தை அழைக்கலாம்.

உயிர் காப்பதைப் போலவே வயிறு காப்பதிலும் செய்திக்குப் பங்குண்டு. கேரளத்தின் வடகரைக் கடற்கரையில் 1997ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் பதினொரு படகினர் பிடித்த மத்தி மீனை வாங்குவாரின்றிக் கடலிற் கொட்டினர். அதே காலைப்பொழுதில் பதினைந்து கிலோமீற்றருக்குள் அமைந்த இரு கரைகளில் மீன் கிட்டாமல் இருபத்தேழு வியாபாரிகள் வெறுங்கையுடன் திரும்ப இருந்தனர். இரு சாராரையும் பிரித்து வைத்தது அறியாமை ஒன்றே. 1997 முதல் 2001 வரை அக்கரையில் கைத்தொலைபேசி படிப்படியாகப் பரவியது. மீனவர் கடலில் இருந்தவாறே விலை கேட்டறிந்து, விலை உள்ள கரைக்குப் படகைத் திருப்பினர். ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியலறிஞர் இதனை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்டார். மீன் வீணாவது ஏறக்குறைய முற்றிலும் நின்றது. மீனவரின் இலாபம் நூற்றுக்கு 8 விழுக்காடு உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலையோ 4 விழுக்காடு குறைந்தது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் ஒருங்கே நன்மை விளைந்தமை வியப்புக்குரியது.

கைத்தொலைபேசி இலங்கைக்குப் புதியதன்று. தென்னாசியாவிலேயே முதன்முதலாக 1989ஆம் ஆண்டில் அச்சேவை இங்குதான் தொடங்கியது. புத்தளம் கரையிலும் அது இன்று ஏறத்தாழ எல்லார் கையிலும் உண்டு. அவ்வாறாயின் கேரளத்து நன்மை இங்கும் தானே விளையுமா? இங்கே சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். இயந்திரப் படகு வேறு கரைக்குத் திரும்பலாம்; கரைவலை அவ்வாறு திரும்ப இயலாது. வலை எந்தப் பாட்டில் வளைக்கப்பட்டதோ அங்கேயே மீன் ஏறும். மேலும், வலைக்கும் இயந்திரத்துக்கும் முதலாளியிடம் முற்பணம் பெற்றவர், பிடித்த மீனை அவருக்கே கொடுக்கக் கடமைப்பட்டவர். சிலாபத்தில் விலை கூடுதல் என்று தொலைபேசி சொன்னாலும் அவரால் அங்கு கொண்டுசெல்ல முடியாது. அவருக்கு விலைச் செய்தியோடு நியாயமான கடனும், பனிக்கட்டியும், கூட்டுறவுச் சங்கமும் வேண்டும். கட்டுண்டவன் காதில் நற்செய்தி சொன்னால் மட்டும் கட்டு அவிழ்ந்துவிடாது.

இதற்கு நேர்மாறான ஓர் உண்மையை இதே மாவட்டத்து இறால் பண்ணைகள் உணர்த்துகின்றன. 1980களில் சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளை ஒட்டி இறால் வளர்ப்பு விரைவாகப் பரவியது. 1996ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் புகுந்து பண்ணைகளைப் பாழாக்கியது. ஒல்லாந்தர் கால்வாயும் களப்பும் பல பண்ணைகளுக்கும் பொது நீர் ஆதலின், ஒருவர் நோய்கண்ட குளத்து நீரைத் திறந்துவிட்டால் அயலவர் குளத்தையும் அந்நோய் பற்றும். நோயை மறைத்தவன் தனக்கு நன்மை தேடியதாக எண்ணினான். அடுத்த பருவத்தில் அவனும் அழிந்தான். பின்னர், தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையும் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து, எந்த வலயத்தார் எந்த மாதத்தில் குஞ்சு விடுவது என்று முறை வகுத்து, ஆண்டுதோறும் நாட்காட்டி வெளியிடலாயினர். இங்கே கருவி ஒரு தாள் மட்டுமே. ஆயினும் உண்மையைச் சொல்லும் வழக்கமும் சொன்னவன் தண்டனைக்கு ஆளாகான் என்ற நம்பிக்கையும் இல்லாவிடின், அத்தாளும் பயன்படாது. அதற்குப் பதிலாக மிகச் சிறந்த கணினி வைத்தாலும் பயன்படாது.

கருவி இருந்தும் செய்தி சேராமைக்கு மொழி மற்றொரு காரணம். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் இலங்கையின் அரச கரும மொழியாகும். எனினும் வானிலை அறிவித்தல் முதலில் ஒரு மொழியில் எழுதப்பட்டு, பின்னர் மொழிபெயர்க்கப்பட்டு வருமாயின், இடையிற் கழியும் நேரம் மீனவனின் நேரமேயாம். 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மேற்குத் தெற்குக் கடல்களில் திடீரென எழுந்த புயற்காற்று ஐம்பது அளவிலான மீனவரைக் கொன்றது. எச்சரிக்கை உரிய வேளையில் வரவில்லை என்ற குறை அப்போது நாடெங்கும் எழுந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது பெருவெள்ளமும் மண்சரிவும் 600க்கும் மேற்பட்டோர் உயிரைக் கொண்டன. புத்தளம் மாவட்டமும் வெள்ளத்தில் மூழ்கித் துன்புற்றது. எச்சரிக்கைகள் தமிழில் போதிய அளவில் வரவில்லை என்ற முறைப்பாடு அப்போதும் எழுந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் கைத்தொலைபேசிகள் பலமடங்கு பெருகின. குறை மட்டும் மாறவில்லை.

மொழிபெயர்ப்போடு கடமை முடிவதும் இல்லை. காற்றின் வேகம் மணிக்கு அறுபது கிலோமீற்றர் என்று சொன்னால் அறிஞருக்கு விளங்கும். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகோடு நிற்பவருக்கு, நாளை விடியுமுன் கடலில் இறங்கலாகாது, மறுநாள் மாலை வரை படகை மேட்டில் ஏற்றிவையுங்கள் என்று சொன்னாலே விளங்கும். வாடை, சோளகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயரிட்டு வழங்கும் மக்களிடம் அவர்கள் சொல்லிலேயே பேசுதல் வேண்டும்.

கருவிகளின் பராமரிப்பும் எண்ணத்தக்கது. 2005ஆம் ஆண்டு முதல் இலங்கை அரசு நெனசல என்னும் பெயரில் நாடெங்கும் கணினி மையங்களை அமைத்தது. கோயில்கள், விகாரைகள், நூலகங்கள் முதலிய இடங்களில் அவை இயங்கின. நூற்றுக்கணக்கான கிராமங்களுக்கு முதன்முதலாகக் கணினியைக் காட்டிய அத்திட்டம் 2014ஆம் ஆண்டில் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதையும் பெற்றது. கைத்தொலைபேசியிலேயே இணையம் வந்தபின் அத்தகைய மையங்களின் தேவை குறைந்தது. இதனால் அம்முயற்சி வீண் என்று கொள்ளலாகாது. கருவி மாறும், இன்று புதியது நாளை பழையதாகும். ஆகவே வெளியுதவி கிட்டும் காலத்தில் கருவி வாங்குவதோடு நின்றுவிடாது, உதவி நின்றபின்னும் அப்பணியைத் தொடரவல்ல ஊர்மக்களைப் பயிற்றுதல் வேண்டும்.

புத்தளம் கரைக்கு வேண்டுவன பெருஞ்செலவு பிடிக்கும் புதுமைகள் அல்ல. உடப்பிலே கோயில் ஒலிபெருக்கி உண்டு; கற்பிட்டியிலே பள்ளிவாசல் ஒலிபெருக்கி உண்டு; கரை நெடுகிலும் தேவாலய மணிகள் உண்டு. இவற்றின் குரலை மக்கள் நெடுநாளாக நம்பி வருகின்றனர். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வேளையில் வெளிவருமாயின், ஒவ்வோர் ஊரிலும் அதனைப் பெற்று வாசிக்கும் பொறுப்பை இருவர் ஏற்றல் வேண்டும். ஒருவர் ஊரில் இல்லாத நாளில் மற்றவர் இருப்பார். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் நன்று. ஆடவர் கடலில் இருக்கும் வேளையிலும், பருவத்தில் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்த காலத்திலும் ஊரில் இருப்போர் பெண்களே அன்றோ! உயர்வகுப்பு மாணவரும் அறிவித்தலைப் படித்து முதியோருக்கு விளக்கப் பழகலாம். ஆபத்தில்லாத நாட்களிலும் இப்பணி தவறாது நடைபெறுதல் வேண்டும். நல்லவாட்டின் ஒலிபெருக்கி அன்றாடம் ஒலித்துப் பழகியிருந்தது. ஆதலினாலேயே அழிவு நாளில் ஊர் அதன் சொல்லுக்குக் கட்டுப்பட்டது.

செய்தி மேலிருந்து கீழே வருவதோடு அமையாது, கீழிருந்து மேலேயும் செல்லுதல் வேண்டும். கடலின் நிறம் மாறியதையும் நீரோட்டம் திசை திரும்பியதையும் முதலிற் காண்பவர் மீனவர். குளத்தில் இறால் சோர்ந்து கரையொதுங்குவதை முதலிற் காண்பவர் பண்ணைக் காவலர். இவர்கள் சொல்வதைக் கேட்க ஒருவர் அலுவலகத்தில் இருப்பாராயின், மக்களும் அவர் சொல்வதைக் கேட்பர். பூனாவின் உழவர் எழுதி அனுப்பிய வினாவும் கொத்மலை நேயர் அனுப்பிய கடிதமும் உணர்த்திய உண்மை இதுவே.

வானத்திலே செயற்கைக்கோள் சுற்றுகின்றது. கடலின் அடியிலே கண்ணாடி இழைக் கம்பிகள் கண்டங்களை இணைக்கின்றன. செய்தி ஆயிரக்கணக்கான காதங்களை நொடியிற் கடந்து கரைக்கு வந்துவிடுகின்றது. கரையின் கோபுரத்திலிருந்து மணல்மேட்டு வாடிக்கு உள்ள சிறு தொலைவே கடத்தற்கரியதாக உள்ளது. அத்தொலைவைக் கடப்பிப்பது விளங்கும் மொழியும், நம்பத்தக்க குரலும், நாள்தவறாத பொறுப்பும் ஆகும். இம்மூன்றையும் ஊரார் தாமே உண்டாக்கிக்கொள்ளலாம். அவற்றை உண்டாக்கிய ஊரில், இரவில் வலையைத் தோளிலிட்டுப் புறப்படுமுன் மீனவர் சிறிது நின்று அறிவித்தலைக் கேட்பார். கடலில் இறங்கலாம் என்றால் இறங்குவார். இறங்கலாகாது என்றால் வீடு திரும்புவார்.